ராஜா எப்போது தூங்கினார்?

சரித்திரத் தொடர்கதை எழுதுகிறவனுக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலும் இரண்டு ரகம்தான். கதாநாயகியைக் கொன்றுவிட வேண்டாம் என்று கெஞ்சுகிற கடிதம் ஒரு ரகம். சோழர் குதிரைகளுக்கு லாடம் உண்டா என்று விசாரிக்கிற கடிதம் இன்னொரு ரகம். சில மாதங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கடிதம் இரண்டிலும் சேரவில்லை. எழுதியவர் கணக்கு வேலை பார்க்கிறவர் போலிருக்கிறது. என் தொடர்கதையில் பதினொரு அத்தியாயங்களாக ராஜகுமாரன் கண்ணை மூடவே இல்லை என்று வரிசையாகக் குறித்து அனுப்பியிருந்தார். அதோடு விட்டாரா? "தங்கள் ராஜகுமாரன் தினம் விடியற்காலையில் வாள் பயிற்சி வேறு செய்கிறான். எனக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். நன்றாகத் தூங்கவும் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்து வீடு வந்து சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. நாலரைக்கு எழுந்தால் நடக்கலாம், தூக்கம் போய்விடும். ஆறரைக்கு எழுந்தால் தூங்கலாம், நடை போய்விடும். ராஜகுமாரன் எப்படிச் சமாளிக்கிறான் என்று தெரிவித்தால் உபகாரமாக இருக்கும்" என்று முடித்திருந்தார்.

ராஜகுமாரனைத் தூங்க வைத்தால் வாசகரும் கூடவே தூங்கிவிடுவார் என்பது தொடர்கதைக்காரனின் தொழில் ரகசியம். ஆகவே அந்தச் சமாசாரத்தை விட்டுவிடலாம். ஆனால் கேள்வியின் மற்றப் பாதி என்னைப் பிடித்துக்கொண்டது. கதையில் வருகிற ராஜகுமாரன் போகட்டும். நிஜமாகவே இருந்து, நிஜமாகவே ராஜ்யபாரம் சுமந்த ராஜாக்கள் எப்போது தூங்கினார்கள்? எப்போது உடம்பைப் பார்த்துக்கொண்டார்கள்? நம்மைவிட அவர்களுக்கு வேலை அதிகம் என்பதில் சந்தேகமில்லையே! புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டவர் மெகஸ்தனீஸ். கி.மு. 300-ஐ ஒட்டி, செலூகஸ் என்ற யவன ராஜாவின் தூதராகப் பாடலிபுத்திரத்துக்கு வந்து, சந்திரகுப்த மௌரியரின் அரண்மனையைக் கண்ணால் பார்த்தவர். அவர் எழுதிய புத்தகம் அழிந்துபோயிற்று. பின்னால் வந்த ஸ்ட்ராபோ முதலிய ஆசிரியர்கள் எடுத்துச் சொன்ன பகுதிகள்தாம் நமக்குக் கிடைக்கின்றன. ராஜா பகலில் தூங்குவதில்லை என்கிறார் மெகஸ்தனீஸ். சரி, இரவில் நிம்மதியாகத் தூங்கினாரா என்றால் அதுவும் இல்லை. சதிகாரர்களுக்குப் பயந்து இரவிலே அடிக்கடி படுக்கையை மாற்றிக்கொண்டே இருந்தாராம். பாரத தேசத்தின் பெரும்பகுதியைக் கட்டியாண்டவர், இரவில் தலையணையைத் தூக்கிக்கொண்டு அறை மாறுகிற காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, பரிதாபமாகவும் இருக்கிறது.

உடம்புக்கு என்ன செய்தார்? இங்கேதான் அற்புதமான ஒரு தகவல். ராஜா நியாய ஸ்தலத்துக்குப் போனால் பகல் முழுவதும் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். நடுவிலே உடம்பு பிடித்துவிடும் நேரம் வந்துவிடும். அதற்காகச் சபையைக் கலைப்பதில்லை. நாலு பேர் சுற்றி நின்று மரக்கட்டைகளால் அவர் உடம்பை உருட்டித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர் பாட்டுக்கு வழக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார். வரப்புத் தகராறு ஒரு பக்கம், முதுகு தேய்த்தல் ஒரு பக்கம்! அவகாசம் இல்லாத மனிதன் உடம்பைப் பேணுவதற்குக் கண்டுபிடித்த முதல் உபாயம் இதுதான் போலும்: தனியாக நேரம் ஒதுக்காதே, வேலைக்கு உள்ளேயே அதை நுழைத்துவிடு.

இந்த உபாயத்தைக் கேலி செய்வதற்கில்லை. 1953-ல் லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே பஸ், ஒரே டெப்போ, ஏறக்குறைய ஒரே குடும்ப நிலை. ஆனால் உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வந்தது. நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்குக் குறைவு. கண்டக்டர் விடியற்காலையில் எழுந்து தேகப்பயிற்சி செய்யவில்லை. தூக்கத்திலிருந்து ஒரு நிமிஷம் எடுக்கவில்லை. படிக்கட்டே அவருக்குப் பயிற்சிக்கூடம். ஆனால் எல்லாருக்கும் மாடி பஸ் கிடைக்குமா? கோயம்புத்தூர் நண்பர் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்.

அடுத்தாற்போல் அர்த்தசாஸ்திரம். இந்தப் புத்தகம் கிடைத்த கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நெடுங்காலம் பெயர் மட்டும் தெரிந்திருந்த நூல் அது. தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் ஓலைச்சுவடி ஒன்றை மைசூர்க் கீழ்த்திசை நூல் நிலையத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே நூலகராக இருந்த ஷாம சாஸ்திரி 1905-ல் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னது என்று கண்டுகொண்டார். 1909-ல் மூலம் அச்சேறியது. சந்திரகுப்தரின் மந்திரி சாணக்கியரே எழுதியது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இப்போதுள்ள ஆராய்ச்சியாளர்களில் பலர் அதைச் சில நூற்றாண்டுகள் பின்னால் தள்ளுகிறார்கள். யார் எழுதியிருந்தால் என்ன, ராஜாவுக்கு அவர் போட்டுக் கொடுத்திருக்கிற கால அட்டவணையைப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டுகிறது.

பகலை எட்டாகவும் இரவை எட்டாகவும் பிரிக்கிறார். ஒரு பகுதி ஒன்றரை மணி, நம் கணக்கில் மூன்றேமுக்கால் நாழிகை. பகலில் முதல் பகுதி காவல் விஷயமும் வரவு செலவும். இரண்டாவது ஜனங்களின் குறைகள். மூன்றாவது ஸ்நானம், போஜனம், படிப்பு. பிறகு பணம் வாங்குதல், அதிகாரிகளை நியமித்தல். மந்திரிகளுக்குக் கடிதம், ஒற்றர் செய்தி. ஆறாவது பகுதியில் மட்டும் கொஞ்சம் இஷ்டம்போல் இருக்கலாம். அதுவும் ஆலோசனை ஏதும் இல்லாவிட்டால். ஏழாவது பகுதியில் யானை, குதிரை, தேர், காலாட்களைப் பார்வையிடுகிறார். கவனியுங்கள், பார்வையிடத்தான் செய்கிறார், ஏறி ஓட்டவில்லை. எட்டாவது பகுதி சேனாபதியோடு யுத்த யோசனை. பொழுது சாய்ந்ததும் சந்தியாவந்தனம்.

இரவில் முதல் பகுதி ஒற்றர்கள். இரண்டாவது மறுபடியும் ஸ்நானம், போஜனம், படிப்பு. மூன்றாவது பகுதியில் வாத்திய கோஷத்தோடு சயன அறைக்குப் போகிறார். நாலாவது, ஐந்தாவது பகுதிகளில் தூக்கம். ஆறாவது பகுதி தொடங்கியதும் மறுபடி வாத்தியம் முழங்குகிறது, எழுந்துவிட வேண்டும். அதாவது மாலை 6 மணியிலிருந்து கணக்கிட்டால், 9 மணிக்குப் படுக்கப் போய், 10.30-க்குக் கண் அயர்ந்து, 1.30-க்கு எழுந்துவிடுகிறார்! மூன்று மணி நேரம். சங்கீதம் கேட்டபடியே தூங்கிவிட்டார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் நாலரை மணிக்கு மேல் போகாது. எழுந்தவுடன் அன்றைய காரியங்களைப் பற்றிச் சிந்தனை, பிறகு மந்திராலோசனை, கடைசிப் பகுதியில் புரோகிதர், வைத்தியர், தலைமைச் சமையற்காரர், ஜோசியர் ஆகியோரின் தரிசனம். வைத்தியரை தினம் பார்க்கும்படி ஏன் சொன்னார் என்பது இந்த அட்டவணையைப் படிக்கிறவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

இந்தப் பதினாறு பகுதிகளில் தேகப்பயிற்சி எங்கே? தேடினேன், தனியாக ஒரு பகுதியும் இல்லை. இளவரசனாக இருக்கிறபோது முற்பகலில் யானையேற்றம், குதிரையேற்றம், ஆயுதப் பயிற்சி எல்லாம் உண்டு. சிம்மாசனத்தில் ஏறியதும் அத்தனையும் நின்றுபோகிறது. (கலாசாலையில் பந்து விளையாடியவர்கள் உத்தியோகம் ஆனதும் எப்படி ஆகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா?) ஆனால் நூலாசிரியர் சாமர்த்தியசாலி. ராஜாக்களின் கெட்ட பழக்கங்களைப் பற்றிப் பேசுகிற இடத்தில், சூதாட்டத்தையும் வேட்டையையும் ஒப்பிட்டு, வேட்டைக்காக வாதாடுகிறார். அதிலே உடம்புக்குப் பயிற்சி கிடைக்கிறது, கபமும் பித்தமும் கொழுப்பும் குறைகின்றன, ஓடுகிற குறியை அடிக்கப் பழக்கம் வருகிறது என்கிறார். அட்டவணையில் இடம் கொடுக்காத தேகப்பயிற்சிக்குக் கெட்ட பழக்கங்களின் கணக்கில் இடம் கொடுத்துவிட்டார்!

இன்னொரு இடத்திலும் அவருடைய மனித சுபாவ ஞானம் தெரிகிறது. இத்தனையும் அடுக்கிவிட்டு, ராஜா தன் சக்திக்கு ஏற்றபடி இந்தப் பகுதிகளைப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறார். எத்தனை ராஜாக்கள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு காலை வெயில் முகத்தில் அடிக்கும் வரை தூங்கினார்களோ!

அசோகர் அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டவராகத் தோன்றவில்லை. அவருடைய ஆறாவது பெரிய பாறைச் சாசனத்தில், தாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அந்தப்புரத்தில் இருந்தாலும், படுக்கையறையில் இருந்தாலும், தோட்டத்தில் இருந்தாலும், எந்த நேரத்திலும் ஜனங்களின் காரியத்தைத் தம்மிடம் வந்து சொல்லலாம் என்று கல்லிலே வெட்டி வைத்தார். முயற்சி என்ற பொருளில் அவர் அங்கே போட்டிருக்கிற சொல், வடமொழியில் உத்தானம் என்பது. அதற்கு நேரான அர்த்தம் எழுந்திருத்தல். படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, எழுந்திருத்தலைப் பற்றிச் சாசனம் எழுதிய ராஜா அவர். அந்தக் கதவைத் தட்டிய அதிகாரிகள் எத்தனை பேர், தட்டப் பயந்து வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்பது கல்லில் இல்லை.

இனி, வெகு காலம் தாண்டி விஜயநகரத்துக்கு வருகிறேன். காரணம், ஒரு ராஜாவின் தேகப்பயிற்சியை இத்தனை விவரமாக எழுதி வைத்தவர்கள் வேறு யாரையும் நான் படித்ததில்லை. டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர் 1520-ஐ ஒட்டி ஹம்பிக்கு வந்தார். கிருஷ்ணதேவராயரை நேரில் பார்த்தார். அவர் எழுதிய குறிப்பு பாரிஸ் நகரத்து நூல் நிலையத்தில் கிடந்து, 1897-ல் அச்சாயிற்று. ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேயர் அதை மொழிபெயர்த்து, 1900-ல் விஜயநகரத்தைப் பற்றிய தம் புத்தகத்தில் சேர்த்தார்.

பயஸ் சொல்வதைக் கேளுங்கள். பொழுது விடிவதற்கு முன்பே ராயர் எழுந்து முக்கால் பைண்டு நல்லெண்ணெய் குடிக்கிறார். நம் அளவில் இரண்டு ஆழாக்குக்கு மேல் ஆகும். வாசகர்கள் யாரும் பரீட்சை செய்து பார்க்க வேண்டாம். பிறகு உடம்பு முழுவதும் அதே எண்ணெயைப் பூசிக்கொள்கிறார். இடுப்பில் ஒரு சின்னத் துணி. மண்ணால் செய்த பெரிய எடைக் குண்டுகளைக் கைகளில் தூக்கிப் பழகுகிறார். அப்புறம் வாளை எடுத்துச் சுழற்றுகிறார். பூசிய எண்ணெயெல்லாம் வேர்வையாக வெளியே வருகிற வரையில் நிறுத்துவதில்லை. அது முடிந்ததும் தம்முடைய மல்லர்களில் ஒருவனோடு மல்யுத்தம். அதற்கும் பிறகு குதிரை ஏறி, விடிகிற வரையில் மைதானத்தில் இங்கும் அங்கும் விரட்டுகிறார். எல்லாம் இருட்டோடு முடிந்துவிடுகிறது. அதன் பின் ஒரு பிராமணர் நீராட்டுகிறார். அரண்மனைக்குள்ளேயே இருக்கும் கோயிலில் பூஜை. அங்கிருந்து நேரே சுவரில்லாத தூண் மண்டபத்துக்குப் போய் அதிகாரிகளோடு ராஜாங்க வேலை.

இத்தனையும் செய்த மனிதர் எப்படி இருந்தார்? நடுத்தர உயரம், சிவந்த நிறம், நல்ல கட்டு, முகத்தில் அம்மைத் தழும்பு; மெலிந்தவர் என்பதைவிடப் பருத்தவர் என்றே சொல்ல வேண்டும் என்கிறார் பயஸ். ஆறு மாதம் நடந்தும் இடுப்பு அளவு குறையவில்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். எண்ணெய், எடை, வாள், மல்யுத்தம், குதிரை ஆகிய ஐந்துக்கும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்பது என் அனுமானம். ஹம்பியில் 6 மணி சுமாருக்கு விடிகிறதென்றால், ராயர் மூன்றரை, நாலு மணிக்கே எழுந்திருக்க வேண்டும். படுத்தது எப்போது? பயஸ் அதைச் சொல்லவில்லை. பட்டுத் துணியின் விலை தெரிந்திருக்கிறது அவருக்கு, மகாநவமித் திருவிழாவில் யானைகள் நின்ற வரிசை தெரிந்திருக்கிறது, ராஜா குடித்த எண்ணெயின் அளவுகூடத் தெரிந்திருக்கிறது. ராஜா தூங்கினாரா என்பது மட்டும் தெரியவில்லை. அந்த ராஜாவோ யுத்தங்கள் நடத்தியதோடு நில்லாமல், நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை நாயகியாக வைத்துத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்ற பெரிய காவியமும் எழுதியவர். அதை எந்த வேளையில் எழுதினார்? எழுதுகிறவன் என்ற முறையில் நான் ஊகிக்கிறேன்: பகலில் இருக்க முடியாது. அப்படியானால் காவியத்துக்குக் கொடுத்த நேரமும் தூக்கத்தின் பையிலிருந்துதான் போயிருக்கிறது.

சரித்திரம் முழுவதும் இதே கதைதான். பயிற்சியைப் பார்க்கிறவன் இருக்கிறான். வேர்வை கண்ணுக்குத் தெரியும், குதிரைக் குளம்படி காதில் விழும். தூக்கத்தை யார் பார்ப்பார்கள்? பார்க்கிறவனும் தூங்கிவிடுவானே! நேரம் போதாமல் போகிறபோது சத்தமில்லாமல் வெட்டுப்படுகிறது எதுவென்றால், கேட்பாரில்லாத அதுதான். இப்போதைய வைத்தியர்களின் கணக்கோ வேறு மாதிரி இருக்கிறது. வயது வந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தபட்சம் 150 நிமிஷம் மிதமான பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்னது. தினப்படிக்கு வகுத்தால் 21, 22 நிமிஷம். தூக்கம் இரவுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க வைத்தியர்கள் 2015-ல் கூடி முடிவு சொன்னார்கள். ஆக, 22 நிமிஷ நடைக்காக இரண்டு மணித் தூக்கத்தைத் தியாகம் செய்கிறவர் ராயரைப் போல எண்ணெயை அதிகமாகக் குடிக்கிறவர்தாம். கோயம்புத்தூர் நண்பருக்கு நான் எழுதிய பதிலில் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிஷம், பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்னாலேயே விட்டு இறங்கினால் பத்து நிமிஷம்.

ஆனால் விஷயம் அதோடு தீரவில்லை. இரவை எழுதி வைத்தவர்கள் ஒருவருமே இல்லையா என்று யோசித்தபோது, நம்முடைய சங்கப் புலவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அந்நிய தேசத்து யாத்திரிகர்கள் காலையைப் பார்த்தார்கள் என்றால், நம் புலவர்கள் இரவைப் பார்த்தவர்கள். நக்கீரரின் நெடுநல்வாடையில் பாண்டியன் பாசறையில் நடு யாமத்தில் படுக்காமல், வாடைக் காற்றிலும் தூறலிலும், சரிந்து விழும் மேலாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காயம்பட்ட வீரர்களைப் பார்த்துவிட்டு வர நடக்கிறான். முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டுகிற ராஜாவும் தூங்கவில்லை. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, வெட்டுப்பட்ட யானைகளையும் இறந்துபோன வீரர்களையும், அம்பு தைத்துத் தீனி எடுக்காமல் நிற்கிற குதிரைகளையும் நினைத்தபடி கிடக்கிறான். படுக்கையை மாற்றுகிற மௌரியருக்குத் தன் உயிரைப் பற்றிக் கவலை. இவனுக்குப் பிறர் உயிரைப் பற்றி.

அந்தப் பாசறையில் தூங்காதவன் ராஜா மட்டுமல்ல என்பதையும் நப்பூதனார் பார்த்திருக்கிறார். நாழிகைக் கணக்கர்கள் விழித்திருக்கிறார்கள். சின்ன நீர்ப்பாத்திரத்தில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்து, இரவு இத்தனை நாழிகை ஆயிற்று என்று ராஜாவுக்குச் சொல்ல வேண்டும். இடுப்பில் குறுவாள் கட்டிய பெண்கள் விழித்திருக்கிறார்கள். விளக்கு அணைய அணைய ஏற்ற வேண்டும். போர்வை போர்த்திய கிழட்டு மெய்காப்பாளர்கள் காவல் சுற்றுகிறார்கள். அவர்கள் நடை காற்றில் அசையும் பூங்கொடியைப் போல ஆடுகிறது என்கிறார் புலவர். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இதைப் படித்த பிறகு ஹம்பி மைதானமும் எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. ராயர் நாலு மணிக்கு எழுந்தார் என்றால் அவரோடு பிடிபோட்ட மல்லன் எத்தனை மணிக்கு எழுந்தான்? குதிரைக்குச் சேணம் பூட்டியவன்? எண்ணெயை அளந்து வைத்தவன்? பெரிய மனிதர் ஒருவர் தன் தூக்கத்தில் ஒரு மணியைக் குறைத்துக்கொண்டால், அவரைச் சுற்றி இருபது பேருக்கு ஒன்றரை மணி குறைகிறது. ராஜாவுக்குத் தூக்கம் போனாலும் பயிற்சி மிஞ்சியது. அவர்களுக்கு மிஞ்சியது வேலை.

நாழிகைக் கணக்கருக்குப் பதிலாக ஆலைச் சங்கு வந்த காலத்தில் இது இன்னும் வெளிப்படையாகிவிட்டது. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் தொடங்கின. பஞ்சாலைகளில் ஆண்களிடம் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1911-ல் சட்டம் வந்தது. அதற்கு முன் அந்த வரம்பும் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். காலை 6 மணிக்கு ஆலை வாசலில் நிற்க வேண்டியவன் எப்போது எழுந்திருக்க வேண்டும்? அவன் கையில் கட்டிக்கொடுக்கிற சோறு எப்போது வெந்திருக்க வேண்டும்? மாலை 6 மணிக்கு வெளியே வருகிறவனிடம் போய், உடம்புக்கு நல்லது, கொஞ்சம் ஓடிவிட்டு வா என்று எந்த வைத்தியர் சொல்ல முடியும்? பன்னிரண்டு மணி நேரம் அசைந்த உடம்பு அது. அசைவு இருந்தது, ஓய்வு இல்லை.

பெரம்பூரில் பஜனை சபை நடத்திக்கொண்டிருந்த வியாபாரிகள் இருவர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும், தொழிலாளிகளின் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு பி. பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு. வி. க. அதிலே முன்னின்று உழைத்தார். சாப்பிடக் கொடுக்கிற இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முதல் முறையீடுகளில் ஒன்று. கூலியைவிட முன்னால் நேரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அந்த நேரப் பேச்சு உலகத்தின் மறு கோடியில் முன்பே தொடங்கியிருந்தது. 1856 ஏப்ரல் 21-ந் தேதி ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் சர்வகலாசாலைக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு, பார்லிமெண்ட் மாளிகை வரை ஊர்வலம் போனார்கள். எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தங்கள் இஷ்டம் என்பது அவர்கள் கேட்டது. அங்கே அதற்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. உச்சியில் மூன்று எட்டுக்கள். கௌடில்யரும் பொழுதை எட்டு எட்டாகத்தான் பிரித்தார். ஆனால் அவருடைய எட்டில் தூக்கத்துக்கு விழுந்தது இரண்டு பங்கு. கல்தச்சர்கள் இருபத்துநாலு மணியில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கினார்கள். தூக்கத்துக்கும், நடைக்கும், விளையாட்டுக்கும் சேர்த்து இடம் கேட்ட அட்டவணைகளில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்லது இல்லை. அதைப் போட்டவர்கள் மந்திரிகள் அல்ல, கல் உடைக்கிறவர்கள்.

நம் நாட்டுக்கு அது ஒரே நாளில் வரவில்லை. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு உலகத்துக்கு எட்டு மணி என்றது; இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி என்று விலக்குக் கொடுத்தது. 1922 சட்டம் நாளுக்கு 11 மணி. 1934 சட்டம் 10 மணி, வாரம் 54. வைஸ்ராயின் நிர்வாக சபையில் டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் இலாகாவை வகித்தபோது, 1946-ல் வாரம் 48 மணி, நாளுக்கு 9 மணி என்று திருத்தம் வந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் அதையே நிலைநிறுத்தியது. 1911-லிருந்து எண்ணினால், ஒரு தொழிலாளியின் நாளில் மூன்று மணி நேரத்தை மீட்க 35 வருஷம் ஆயிற்று.

இந்தியாவில் முதல் மே தினக் கூட்டங்கள் நடந்ததும் சென்னையில்தான். 1923 மே 1-ந் தேதி ஹைகோர்ட்டுக்கு எதிரே கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் சிங்காரவேலர் நடத்தினார். சரியாக நூறு வருஷம் கழித்து அந்தத் தேதி மறுபடியும் பேச்சுக்கு வந்தது. நாளுக்கு 12 மணி வரை வேலை வாங்க விலக்கு அளிக்க இடம் தரும் மசோதா 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. மெல்போர்ன் கல்தச்சர்கள் நடந்ததும் ஓர் ஏப்ரல் 21-ந் தேதிதான்! வாரக் கணக்கு 48 மணிக்கு மேல் போகாது, நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று சர்க்கார் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். மூன்று நாள் சேர்த்துத் தூங்கி, நாலு நாள் விழித்திருக்க மனித உடம்பு ஒட்டகத்தின் வயிறு அல்ல என்பது என் அபிப்பிராயம். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. 2023 மே 1-ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் மசோதா வாபஸ் பெறப்பட்டது என்று அறிவித்தார்.

ஆலை வாசலுக்குச் சட்டம் வந்துவிட்டது. அடுப்படிக்கு வரவில்லை. மத்திய சர்க்கார் 2019-ல் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குக் கொடுத்த நேரம் தினம் சராசரி 299 நிமிஷம்; அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்கள் கொடுத்தது 97 நிமிஷம். விடியற்காலையில் மெரினாவில் வேகமாக நடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நெற்றியில் வேர்வை, காலில் நல்ல செருப்பு, பேச்சு முழுவதும் சர்க்கரை அளவைப் பற்றி. ஆறரை மணிக்கு அவர்கள் வீடு திரும்புகிறபோது பல வீடுகளில் காப்பி தயாராக இருக்கும், பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களும் மூடி வைத்திருக்கும். நடந்தவர் எழுந்தது ஐந்து மணிக்கு.